80களின் திருவிழா மேளச்சமா, 40 கசெட்: பூஞ்சணம், ஏறும் சுருதி, எந்தச் சமா எது?

உவர்மலை நாயனம் கேட்டது:

வணக்கம். எங்கள் மேளக் குழுவின் பெட்டியில் 40 கசெட் இருக்கிறது. எல்லாம் 80களில் திருகோணமலைப் பக்கத்துக் கோவில் திருவிழாக்களில் பதிந்த நாதஸ்வர (நாயன), தவில் சமா, அதாவது சேர்ந்து வாசித்த கச்சேரி. உறைகளில் கோணேசர் கோவில், பத்திரகாளி அம்மன், வில்லூன்றிக் கந்தசுவாமி, தம்பலகாமம் ஆதிகோணநாயகர் என்று நீலப் பேனையால் எழுதியிருக்கிறது. பாதி எழுத்து ஈரத்தில் ஊறிப் பரவிவிட்டது. வேறெங்கும் இவற்றுக்குப் பிரதி இல்லை.

11 கசெட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிகிறது. ஒன்றில் நாடா அறுந்திருக்கிறது. இன்னொன்றில் நாடாவை ஹெட்டோடு (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதி) அழுத்தும் சின்னப் பஞ்சுத்துண்டு கழன்று கோதுக்குள் (வெளிக்கூடு) கிடக்கிறது. இவற்றை டெக்கில் (கசெட் ஓட்டும் கருவி) போடலாமா?

சுத்தமாக இருந்த இரண்டைப் போட்டதில் இரண்டு குறை. ஒன்றில், தொடக்கத்தில் இரண்டரைக் கட்டையாக (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு) கேட்கும் நாயனம் பக்கம் முடிகிற நேரம் மூன்று கட்டைக்கு வந்து நிற்கிறது. மற்றதில், தவிலில் பலத்த அடி விழுந்ததும் நாயனம் அமுங்கி, ஒரு விநாடி கழித்தே திரும்ப எழும்புகிறது. இது நாடாவின் பழுதா, டெக்கின் பழுதா?

லப்டொப்பின் மைக் துளையில் வயரைக் கொடுத்துப் பதியலாமா? எழுத்து அழிந்த கசெட்டுகளில் எது எந்த நிகழ்வு, யார் வாசிப்பு என்று பிடிக்க வழி உண்டா? தெரிந்த அண்ணாமார், ஐயாமார் சொல்லுங்கள்.

டெக் வேலை எழுதியது:

தம்பி, பூஞ்சணம் பிடிச்ச 11ஐயும் இண்டைக்கே மற்றதுகளிலிருந்து பிரிச்சு வையுங்கோ. டெக்கில போடவே வேண்டாம். அந்தத் தூள் ஹெட்டிலயும் ரப்பர் ரோலரிலயும் ஒட்டி, அடுத்துப் போடுற நல்ல கசெட்டுக்கும் போகும். ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையில கண்ணுக்குத் தெரியாத அளவு தூள் வந்தாலே மேல்சத்தம் செத்துப்போகும். நாயனத்தின்ர கூர்மைதான் முதல்ல போறது.

துடைக்கிற வேலையை மாரியில தொடங்கவேண்டாம். ஐப்பசி துவங்கித் தை வரைக்கும் எங்கட ஊரில காத்தில ஈரம். ஆனி, ஆடியில கச்சான் காத்து (காய்ஞ்ச காத்து) அடிக்கிற நாள்தான் தோது. அதுவரைக்கும் காத்துப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில, உறையில்லாமல் கசெட்டை மட்டும் நிமிர்த்தி அடுக்கி, 200 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கோ. செம்மஞ்சளில இருந்து பச்சைக்கு மாறுற வகை எண்டால் எப்ப ஈரம் குடிச்சு முடிச்சது எண்டு தெரியும். பெட்டிக்குள்ள குறைஞ்சது 2 கிழமை கிடக்கட்டும். பூஞ்சணம் ஈரமாக இருக்கேக்க துடைச்சால் நாடாவில பூசுப்படும், காய்ஞ்சால் தூளாக உதிரும். வெயிலில மட்டும் காயவைக்காதேங்கோ. நாடா நெளிஞ்சால் அதுக்கு மருந்தில்லை.

துடைக்கிறதுக்கு, பழுதானாலும் பரவாயில்லை எண்ட ஒரு பழைய பிளேயர் வேணும். மூடியைக் கழட்டிவிட்டு, கமெரா லென்ஸ் துடைக்கிற துணியை இரண்டாக மடிச்சு, நாடா ஓடுற பாதையில முன்னும் பின்னும் தொட்டும் தொடாமலும் பிடிச்சுக்கொண்டு ஓடவிடுங்கோ. ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தால் ஒரு தடவை. துணியின்ர புது இடத்தை மாத்தி இரண்டு தடவை போதும். நாடாவில எந்தத் திரவமும் படக்கூடாது. எல்லாம் வீட்டுக்கு வெளியில, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு. தொய்வு, இழுப்பு உள்ளவர் இந்த வேலைக்குக் கிட்டவும் வரவேண்டாம்.

பஞ்சுத்துண்டு கழண்டதுக்குக் கோதை மாத்துறதுதான் சரி. திரும்ப ஒட்டினால் பசை ஒரு நாள் நாடாவுக்கு வரும். கடற்கரைக் காத்து பட்ட கசெட்டில அந்தப் பஞ்சைத் தாங்குற தகடும் பச்சை பூத்துத்தான் இருக்கும், உருளைகளின்ர கம்பியிலயும் துரு ஏறியிருக்கும். ஐந்து ஸ்குரூ போட்ட புதுக் கசெட் ஒண்டு வாங்கி, அதின்ர சுருளை எடுத்துப்போட்டு, பழைய சுருளை வையுங்கோ. மேசையில ஸ்குரூ மேல பார்க்க வைச்சு, மேல்கோதை மட்டும் நேராகத் தூக்கவேணும். தூக்கின உடன ஃபோனில ஒரு படம் எடுங்கோ. இடது உருளை, நடுவில பஞ்சுக்கும் வாய்க்கும் இடையால, வலது உருளை எண்டு நாடா போற பாதை படத்தில இருக்கும். சுருளுக்கு மேலயும் கீழயும் இருக்கிற வழுக்குத் தாள் இரண்டையும் விட்டுடாதேங்கோ. தாள் இல்லாட்டி 10 நிமிசத்தில சுருள் கோதோட உரசி நிண்டுபோகும். பழைய கோதில ஸ்குரூ இல்லாமல் ஒட்டியிருந்தால், தைச்ச மாதிரி ஓடுற கோட்டில மெல்லிய கத்தியை வைச்சுச் சுத்திவர நெம்பிப் பிளக்கவேணும். நாடா இருக்கிற வாய்ப்பக்கத்தைக் கடைசியாகத் திறவுங்கோ.

அறுந்த நாடாவுக்குச் சாதாரண செலோடேப் கூடாது. பசை வழிஞ்சு அடுத்த சுத்தோட ஒட்டும். ஒட்டுநாடா எண்டே 3.81 மில்லிமீற்றர் அகலத்தில வருது. இரண்டு முனையையும் சரிவாக வெட்டிப் பொருத்தி, பளபளப்பான முதுகுப் பக்கத்தில ஒட்டுங்கோ. மங்கலான பக்கம்தான் ஹெட்டைத் தொடுறது, அதில எதுவும் படக்கூடாது. வெட்டேக்க கஞ்சத்தனம் பிடியுங்கோ: நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுது, 1 சென்ரிமீற்றர் போனால் விநாடியில ஐந்திலொன்று போச்சு. துரிதகாலத் தவிலில அதுக்குள்ள இரண்டு மூண்டு சொல்லு (தவிலடி) இருக்கும்.

டெக்கின்ர ஹெட்டை ஒவ்வொரு கசெட்டுக்கும் முதல் 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால துடையுங்கோ. பஞ்சில கபிலம் வராத வரைக்கும் துடைக்கவேணும். நகப்பூச்சு அழிக்கிற திரவம் பாவிச்சால் பிளாஸ்டிக் உருகும். வெட்டுக்காயத்துக்குப் பூசுற ஸ்பிரிட்டில எண்ணெய் சேர்த்திருக்கிறதும் உண்டு.

கட்டைக்கணக்கு எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதற்கு மேல் ஒன்று: சும்மா ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று எந்தக் கசெட்டையும் ஓட்டாதீர்கள். ஓட்டும் ஒவ்வொரு தடவையும் பதிவாகட்டும். முதல் ஓட்டமே கடைசி நல்ல ஓட்டமாகவும் இருக்கலாம். ஓட்டுவதற்கு முன் நுனிவரை ஒருமுறை முன்னால் சுற்றிப் பின்னால் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த சுருள் அப்போதுதான் இளகும்.

லப்டொப்பின் மைக் துளை வேண்டாம். பெரும்பாலும் அது ஒற்றைத் தடம். மைக்கின் மெல்லிய ஒலிக்காக அமைத்த துளைக்குள் டெக்கின் பலத்த ஒலி போனால் தவில் அடி எல்லாம் பிய்ந்துபோகும். டெக்கின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை லைன் அவுட்டிலிருந்து ஒரு யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸின் லைன் துளைக்குக் கொடுங்கள். 24 பிட் பதியும் எதுவும் போதும். மென்பொருளுக்கு ஓடாசிட்டி இருக்கிறது. உச்ச அடி மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். 96 கிலோஹேர்ட்ஸில் பதிந்தால் ஒரு மணிநேரம் 2.07 ஜிபி. 40 கசெட்டும் சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) என்றால் 83 ஜிபி வரும். 48 கிலோஹேர்ட்ஸில் அதில் பாதி. கையில் தூக்கும் ரெக்கோடரில் பதிந்த நாடாவுக்கு 48 போதும் என்பதே என் கணிப்பு. மிஞ்சும் இடத்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு பிரதி எடுங்கள், அது கூடுதல் பயன். ஒலி குறையாத வேவ் (WAV) ஆகவோ ஃபிளாக் (FLAC) ஆகவோ வையுங்கள். எம்பி3 வட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்.

கேட்டவர் எழுதாத ஒரு குறை நிச்சயம் இருக்கும்: ஒலி கம்பளி போர்த்த மாதிரி. நாடாவைப் பதிந்த ரெக்கோடரின் ஹெட் நின்ற சாய்வும் உங்கள் டெக்கின் ஹெட் நிற்கும் சாய்வும் ஒன்றாக இருக்காது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சிறிய ஸ்குரூ இருக்கும். முதலில் அது நிற்கும் இடத்தில் வண்ணப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பாட்டு ஓடும்போது கால் சுற்றுக்கு உள்ளாகவே மெல்லத் திருப்புங்கள். இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டால் தெளிவாகத் தெரியும்: ஒரு இடத்தில் தவிலின் வலந்தலை (விரல்களால் வாசிக்கும் கூர்ஒலிப் பக்கம்) சட்டென்று பளிச்சிடும். அதைத் தாண்டினால் திரும்ப மங்கும். பளிச்சிட்ட இடத்தில் விடுங்கள். ஒவ்வொரு கசெட்டுக்கும், சில நேரம் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைச் செய்யவேண்டும். இது பிற்பாடு கணினியில் சரிவராது, ஓடும்போதே செய்தால்தான் உண்டு.

டொல்பி (நாடாவின் சீறலைக் குறைக்கும் முறை) பொத்தானை அணைத்து வையுங்கள். கையில் தூக்கும் ரெக்கோடர்களில் அநேகமாக அது இல்லை. இல்லாத நாடாவுக்கு டொல்பி போட்டால் மேல்சத்தத்தைத்தான் வெட்டும்.

இனிச் சுருதி ஏற்றம். டெக்கில் குறையில்லை. பதிந்த அன்று ரெக்கோடரின் பற்றரி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. மோட்டார் மெதுவானதால் ஒரு விநாடி வாசிப்பு குறைந்த நீள நாடாவில் எழுதப்பட்டது. இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்த இடம் விரைந்து ஓடுகிறது, சுருதி ஏறுகிறது. இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் அரைச் சுரம், வேகத்தில் சொன்னால் கிட்டத்தட்ட 6 வீதம். பிரதி எடுத்து அதில் திருத்தலாம். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தொடாதீர்கள், காலப்பிரமாணம் பிழைத்தபடியே நிற்கும். வேகம் மாறவேண்டும், அப்போது இரண்டும் சேர்ந்து இறங்கும். ஒத்து (சுருதிக்காக ஒரே சுரத்தை ஊதும் குழல்) அல்லது சுருதிப்பெட்டி தனியாகக் கேட்கும் இடங்களைத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் அளந்து, படிப்படியாக மாறும் திருத்தம் கொடுங்கள்.

எந்த அளவுக்கு இறக்குவது? இரண்டரைக் கட்டை ஆதார சட்ஜம் 311 ஹேர்ட்ஸ். 320 காட்டினால் 2.9 வீதம் வேகம் கூட. ஆனால் நாயனம் கணக்காக 311இல் நிற்கவேண்டும் என்று சட்டமில்லை, வெக்கைக்கும் சீவாளிக்கும் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) ஏற்ப ஏறி இறங்கும். அதனால் நாடாவில் மின்சார இரைச்சல் பதிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் மும்மடங்கு 150 இன்னும் துல்லியமாகத் தெரியும். 150 இருக்கவேண்டிய இடத்தில் 154.5 நின்றால் 3 வீதம் வேகம் கூட. வீதியில் ஜெனரேட்டரில் ஓடிய சவுண்ட் சேர்விஸ் என்றால் இந்தக் கணக்கை நம்பவேண்டாம், ஜெனரேட்டரே ஏறி இறங்கும். கார் பற்றரியில் ஓடிய அம்பிளிஃபயர் என்றால் இரைச்சலே இருக்காது.

தவில் அடித்ததும் நாயனம் அமுங்குவது ரெக்கோடரின் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு. பலத்த ஒலி வந்ததும் மொத்தத்தையும் குறைத்து, மெல்ல விடும். நாடாவிலேயே அப்படி எழுதப்பட்டுவிட்டது. அதைச் சீர்படுத்தப் புறப்படாதீர்கள். அமுங்கிய நாயனத்தை உயர்த்தினால் கூடவே இரைச்சலும் எழும்பி மூச்சு வாங்குவது போலக் கேட்கும்.

நிலாவெளிக் காற்று எழுதியது:

இரைச்சல் நீக்கும் மென்பொருள் இப்ப நல்லா வந்திருக்கு. சனத்தின் சத்தம், மணி, வெடி எல்லாத்தையும் எடுத்துவிட்டு நாயனத்தையும் தவிலையும் மட்டும் பிரிச்சு எடுக்கலாமே? கேட்கிறவைக்கும் சுகமா இருக்கும்.

தம்பலகாமம் தவில் எழுதியது:

தம்பி, கோபிக்கவேண்டாம், அந்த வேலையை இந்த 40இல் செய்யவே கூடாது. இரைச்சல் நீக்கிக்கு நாடாவின் சீறலும் தெரியாது, சீவாளியில் காற்று நுழையும் சத்தமும் தெரியாது. இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பவை. சீறலை எடுத்தால் துத்துக்காரமும் (நாக்கால் சுரத்தை வெட்டி ஊதும் தொனி) போகும். கூடு போட்ட விரல் வலந்தலையில் விழும் அந்தக் கூர்முனை மழுங்கும். பிறகு அது தவில் இல்லை, தகரம்.

இன்னொன்று, நீங்கள் எடுத்துவிடச் சொல்லும் அந்தச் சத்தங்கள்தான் எழுத்து அழிந்த கசெட்டுக்குத் தலைப்பு. கேள்வி கேட்ட தம்பியின் கடைசிக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் மல்லாரியைத் தேடுங்கள். தவிலில் அலாரிப்பு முடிய, கம்பீரநாட்டையில் சாகித்தியம் இல்லாமல் சுரமாகவே நாயனம் எடுத்தால் சுவாமி புறப்படுகிறார் என்று அர்த்தம். அதே மல்லாரியைக் காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். அந்த இடத்தில் 'அரோகரா' என்று சனம் எழும்பும் சத்தமும் கண்டாமணியும் சேர்ந்து வந்தால் வாசல் தாண்டிய கணம் அது. எழுதிவைக்கும்போது நிமிடம், விநாடி போட்டு எழுதுங்கள். மல்லாரி எல்லாம் ஒன்றில்லை. தேருக்கு ஒன்று, அபிஷேகத் தீர்த்தம் எடுத்து வரும்போது ஒன்று, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. குழுவில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டால் இரண்டு ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்று) சொல்லிவிடுவார்.

பிறகு ராகம். பூபாளம், பௌளி என்றால் விடியல். பிலஹரி என்றால் காலை. நீலாம்பரி வந்து, சங்கும் சேமக்கலமும் ஓய்ந்து, சனத்தின் சத்தமும் அடங்கியிருந்தால் ஊஞ்சல் அல்லது பள்ளியறை. ஒரே கசெட்டில் நீலாம்பரிக்கு அடுத்துப் பிலஹரி வந்தால் ஒரே இரவின் தொடர்ச்சி என்று நினைக்காதீர்கள், நடுவில் நிறுத்திப் பதிந்திருக்கிறார்கள். நிறுத்திய இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தமும் சுருதி வழுக்கி வரும் அரை விநாடியும் கேட்கும். வீதியில் நடந்துகொண்டே வாசிப்பதும் தெரியும்: நாயனம் கிட்ட வந்து விலகும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மாறிக்கொண்டே இருக்கும். கோணேசர் சிவராத்திரிக்குப் பிறகு நகர்வலம் வருவதால், கோவில் இருக்கும் கோட்டைக்கு வெளியே தெருச் சத்தம், சைக்கிள் மணி எல்லாம் கேட்கிற நாடாவைப் பங்குனித் திருவிழா என்று அவசரப்பட்டு எழுதிவிடவேண்டாம்.

தவிலின் தொப்பிப் பக்கமே (குச்சியால் அடிக்கும் கீழ்ச்சத்தப் பக்கம்) கேட்கவில்லை என்றால் வாசித்தவரையோ நாடாவையோ குறை சொல்லாதீர்கள். ரெக்கோடரை ஹோர்ன் ஒலிபெருக்கிக்குக் கீழே வைத்துப் பதிந்திருக்கிறார்கள். ஹோர்னில் கீழ்ச்சத்தம் வராது. அதையும் குறிப்பில் எழுதுங்கள்: 'ஹோர்னிலிருந்து பதிந்தது'.

பெயர் விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். கேட்டு ஊகித்து ஒருவர் பெயரைப் போடவேண்டாம். உறையில் எழுதியிருந்தால் 'உறைப்படி' என்றும், மூத்தவர் சொன்னால் 'சொல்படி' என்றும் பிரித்து எழுதுங்கள். உறையையும் வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் போய்விட்டார். 80களின் கசெட்டில் அவர் பெயர் இருந்தால் அது பழைய பதிவின் மறுபிரதி, திருகோணமலைத் திருவிழாவில் அன்று நேரில் பதிந்தது இல்லை. நாதஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலம் மறைந்தது 1964. கசெட் என்ற சாமானே 1963இல்தான் வந்தது. நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956, அவர் தோடி கசெட்டில் இருந்தால் இசைத்தட்டிலிருந்தோ வானொலியிலிருந்தோ எடுத்தது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்தான். ஆலாபனை அந்த அளவில் வெட்டுப்பட்டு, கிறுகிறுவென்ற சுழல் சத்தமும் இருந்தால் இசைத்தட்டு. அறிவிப்பாளர் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று சொன்னால் 1967க்குப் பிந்திய ஒலிபரப்பு.

அதற்காக மறுபிரதிகளைத் தள்ளிவைக்காதீர்கள். தெட்சணாமூர்த்தியின் தனி (தவில் மட்டும் வாசிக்கும் பகுதி) எந்தப் பிரதியில் கிடைத்தாலும் பொன். சொல் எவ்வளவு துரிதமாகப் போனாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், தொப்பியின் கும்காரம் நாயனத்தின் சங்கதியோடு வளைந்து போகும். மங்கிய பிரதியிலும் அது தெரியும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கும்போது அவர் நீட்டிய பாரி நாயனத்தின் கனத்தைக் கவனியுங்கள். அதற்கு முந்திய திமிரி நாயனத்தின் கூரிய ஒலி உங்கள் நாடா எதிலாவது இருந்தால், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இப்போது கேட்கக் கிடைப்பது அருமை.

கோப்புப் பெயரில் கதை எழுதவேண்டாம். கசெட்டுக்கு எண், பக்கத்துக்கு எண்: 007-1, 007-2. அதே எண்ணை பென்சிலால் கோதின் ஒட்டுத்தாளிலும் எழுதுங்கள். மற்ற எல்லாம் ஒரு கொப்பியில் தமிழில். உறையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அதே எண்ணில் வையுங்கள், அழிந்த மையும் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் சில வேளை தெரியும். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் வாசித்தவர்களின் வீட்டாரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

உவர்மலை நாயனம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹெட் ஸ்குரூவைத் திருப்பியதும் வலந்தலை பளிச்சென்று வந்தது. உறை அழிந்த ஒன்றில் மல்லாரிக்கு முன்னால் மடைப்பள்ளிப் பக்கத்துப் பாத்திரச் சத்தம் கேட்கிறது, தளிகை மல்லாரி என்று மூத்தவர் உறுதிப்படுத்தினார். மின்சார இரைச்சல் அந்த நாடாவில் 151.2இல் நிற்கிறது, 0.8 வீதம் இறக்கினேன்.

இன்னொரு கேள்வி. இனிமேல் நாங்கள் வாசிப்பதை நேரில் பதியும்போது இந்தக் குறைகள் வராமல் எப்படிப் பதிவது? ஃபோனில் பதிந்தால் தவில் அடிக்கும்போதெல்லாம் பிய்கிறது.

கட்டைக்கணக்கு எழுதியது:

ஃபோனில் இரண்டு குறை. பழைய ரெக்கோடரில் இருந்த அதே தானியங்கிக் கட்டுப்பாடு இதிலும் இருக்கிறது. மைக்கும் இவ்வளவு பலத்த ஒலிக்குச் செய்ததில்லை. 32 பிட் புளோட் ரெக்கோடர் வாங்கினால் எல்லாம் தீரும் என்று கடையில் சொல்வார்கள். அது பதிவின் அளவைக் காப்பாற்றும். மைக்கின் சவ்வே திணறினால் காப்பாற்றாது. வாங்கும்போது மைக் எத்தனை டெசிபெல் வரை தாங்கும் என்று பாருங்கள். சிறிய கையடக்க வகைகள் பலதில் 120. சூம் எச்5இன் மைக் 140 தாங்கும். தவிலுக்குக் கிட்ட வைக்க 140 நல்லது. 120 என்றால் தள்ளி வைத்தால் சமாளிக்கலாம்.

ஒரே இடத்தில் நின்று வாசிக்கும் சமா என்றால் ரெக்கோடரைத் தண்டில் பொருத்தி, குழுவுக்கு முன்னால் 3 மீற்றரில், ஆள் உயரத்துக்கு மேலாக, தரையிலிருந்து 2.5 மீற்றரில் வைத்துச் சற்றுக் கீழே பார்க்கத் திருப்புங்கள். நாயனத்தின் அணசுக்கு (கீழே விரிந்த வாய்) நேர் எதிரே வேண்டாம். ஒலி அணசிலிருந்து மட்டுமில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு எதிரே வைத்தால் கீழ்ச்சுரம் மட்டும் கத்தும், மேலே போனால் தேயும். இரண்டு தவில் என்றால் இருவருக்கும் சம தூரம். ஹோர்ன் ஒலிபெருக்கி மைக்குக்குப் பின்பக்கம் வரவேண்டும்.

அளவு வைப்பதில்தான் எல்லோரும் தவறுவது. நாயனக்காரர் சுருதி பார்க்கும்போது அளவு வைத்தால் தவில் வந்ததும் பிய்யும். தவில்காரரை ஒரு தீர்மானம் (முடிப்புக்கு வாசிக்கும் சொற்கட்டு) முழுப் பலத்தோடு வாசிக்கச் சொல்லி, அந்த உச்சி மைனஸ் 12இல் நிற்க வையுங்கள். தனியில் இன்னும் 6 டெசிபெல் ஏறும். தானியங்கி அளவு, லிமிட்டர் இரண்டும் அணைந்திருக்கட்டும். கீழ்ச்சத்தம் வெட்டும் பொத்தானையும் அணையுங்கள், அது தொப்பியைத் தின்னும். கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையில் கடற்காற்று எந்நேரமும் உண்டு. மைக்குக்கு மயிர் உறை போடுங்கள். கடற்பஞ்சு உறை அந்தக் காற்றுக்குக் காணாது.

வீதி உலாவில் தண்டைத் தூக்கிக்கொண்டு நாயனத்துக்கு முன்னால் பின்னோக்கி நடக்கவேண்டாம், தீவட்டியும் சனமும் இருக்கும். பக்கவாட்டில் 2 மீற்றரில் சேர்ந்து நடந்தால் போதும். தண்டை இறுக்கிப் பிடித்த கையை மாற்றினால் அந்தச் சத்தமும் பதியும்.

புதுப் பற்றரியோடு தொடங்குங்கள். பதிவு ஓடத் தொடங்கியதும், மேளம் துவங்க முதல், வாயால் சொல்லுங்கள்: திகதி, கோவில், எத்தனையாம் திருவிழா, வாசிப்பவர்கள் பெயர், நாயனம் எத்தனை கட்டை. பிறகு சுருதிப்பெட்டியைத் தனியாக 10 விநாடி ஒலிக்க விட்டு, சுருதி காட்டும் செயலியில் வரும் ஹேர்ட்ஸ் எண்ணையும் வாசித்துவிடுங்கள்.